வெளிநாட்டில் ஹோஸ்ட் குடும்பத்தோடு தங்கும் பிள்ளை: மருத்துவப் பொறுப்பு யார் கையில் இருக்க வேண்டும்?

பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பி, அங்கே ஒரு ஹோஸ்ட் குடும்பத்தோடு தங்க வைக்கும் பெற்றோர் பள்ளி, விசா, டிக்கெட் என்று ஒவ்வொன்றையும் அலசி ஆராய்வார்கள். மருத்துவம் என்று வந்தால் மட்டும் "அதான் இன்சூரன்ஸ் எடுத்தாச்சே" என்று நிறுத்திக்கொள்வார்கள். செலவுக்கு இன்சூரன்ஸ் போதும். ஆனால் பிள்ளைக்கு 39 டிகிரி காய்ச்சல் அடிக்கும்போது டாக்டரிடம் போவதா, காலை வரை பார்ப்பதா என்று யார் முடிவெடுப்பது? ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடுவது? டாக்டர் சொன்னதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது? இவை எதற்கும் பாலிசியில் பதில் இருக்காது.

ஹோஸ்ட் குடும்பங்களுக்கும் இதே குழப்பம்தான். அடுத்தவர் பிள்ளையைத் தாமாக டாக்டரிடம் கூட்டிப் போனால் அதிகப்பிரசங்கித்தனம் ஆகுமோ, போகாவிட்டால் பழி வந்து சேருமோ என்று தவிக்கிறார்கள்.

நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. பெற்றோரே தொலைவிலிருந்து முடிவெடுக்கலாம். ஹோஸ்ட் குடும்பத்துக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்கலாம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தை நடத்தும் அமைப்பிடமோ பள்ளியிடமோ விடலாம். மாணவரே பார்த்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் தூரம். ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளை எழுந்து உட்கார்ந்தால், கார் சாவியை எடுக்கப்போவது யார்? மற்ற எல்லாவற்றையும் விட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அடுத்தது கையெழுத்து. உயிருக்கு ஆபத்து என்றால் டாக்டர்கள் யார் சம்மதத்துக்கும் காத்திருப்பதில்லை. பெரும்பாலான நாடுகளில் சட்டமும் அதற்கு இடம் தருகிறது. அமெரிக்காவில் 1986-இல் வந்த சட்டப்படி, எமர்ஜென்சிக்கு வருகிறவரைப் பணமோ இன்சூரன்ஸோ இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, ஆபத்திலிருந்து நிலைப்படுத்த வேண்டும். சிக்கல் வருவதெல்லாம் நடுவாந்தரமான விஷயங்களில்தான்: காதுவலி, கணுக்கால் வீக்கம், இரண்டு தையல் போட வேண்டிய வெட்டு, பத்து நாளாக விடாத இருமல். இவற்றுக்குத்தான் "பெற்றோர் சம்மதம் எங்கே?" என்று கேட்பார்கள். வயது வரம்பும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் 16 வயதானவர் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். ஜப்பானில் 20 ஆக இருந்த முழு வயது 2022 ஏப்ரல் முதல் 18 ஆனது. போகிற நாட்டில் பிள்ளையின் வயதுக்கு என்ன விதி என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, உடம்பைப் பற்றிய விவரம்: அலர்ஜி, பழைய ஆபரேஷன், சிறு வயதில் வந்த வலிப்பு, போட்ட தடுப்பூசிகள். நான்காவது, பில் யார் தலையில் விழும் என்பது. ஐந்தாவதைப் பலர் யோசிப்பதே இல்லை: பொறுப்பில் இருக்கும் ஆளிடம் பிள்ளை வாய் திறந்து சொல்லுமா? மாதவிடாய்ச் சிக்கல், தூக்கமின்மை, அழுகை, படுக்கையை விட்டு எழப் பிடிக்காத காலை இவையெல்லாம் கேட்கும் ஆளைப் பொறுத்தே வெளியே வரும்.

## வழி 1: பெற்றோரே தொலைவிலிருந்து

பிள்ளையின் உடம்பைப் பெற்றோர் அளவுக்கு அறிந்தவர் யாருமில்லை. எந்த ஆன்டிபயாடிக்குக்குத் தடிப்பு வந்தது, எந்த வயதில் ஆஸ்துமா குறைந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பெரும்பாலும் சட்டப்படியான சம்மதமும் அவர்கள் கையில்தான்.

ஆனால் பார்க்க முடியாது, தொட முடியாது. குடல்வால் அழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வலி பல நேரம் தொப்புளைச் சுற்றி லேசாகத் தொடங்கி, சில மணி நேரம் கழித்து வலது அடிவயிற்றுக்கு நகரும். நடந்தால், இருமினால் கூடும். வீடியோவில் பார்ப்பவருக்கு முகம் சுளிக்கும் ஒரு பிள்ளை தெரியும், அவ்வளவுதான். கூடவே இருப்பவர்தான் அந்தப் பிள்ளை மாடிப்படி இறங்க யோசிப்பதைக் கவனிப்பார். வீடியோவை நம்பிக் காலை வரை காத்திருப்பது இந்த வழியின் பெரிய ஆபத்து.

வெளியே தெரியாத இன்னொரு ஆபத்து மருந்துப் பெயரில் இருக்கிறது. பல நாடுகளில் பாராசிட்டமால் என்று விற்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜப்பானிலும் அசிடமினோஃபென். அம்மா போனில் "பாராசிட்டமால் ஒன்று போட்டுக்கோ" என்பார். அதற்கு ஒரு மணி நேரம் முன்புதான் ஹோஸ்ட் வீட்டில் சளிக்கு ஒரு சிரப் கொடுத்திருப்பார்கள். அந்தச் சிரப்பிலும் அதே மருந்து இருக்கலாம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு, அதைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. ஆஸ்துமா பம்பில் இருக்கும் சால்ப்யூட்டமாலும் அமெரிக்காவில் ஆல்ப்யூட்டரால் என்றே அறியப்படுகிறது. இரண்டு பேர் இரண்டு பெயரில் ஒரே மருந்தைக் கொடுக்காமல் இருக்க ஒரே வழி, யார் எதை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவது.

பெட்டி நிறைய மருந்து கொடுத்தனுப்புவதும் எல்லா நாட்டுக்கும் சரிவராது. ஆம்ஃபெட்டமைன் கலந்த மருந்துகளை, டாக்டர் சீட்டு இருந்தாலும், ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கவனக்குறைவுப் பிரச்சினைக்கு (ADHD) அந்த வகை மருந்து எடுக்கும் பிள்ளை என்றால், மாற்று மருந்தைப் பற்றிப் பல மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் பேசியாக வேண்டும்.

இந்த வழி பொருந்துவது அவசரமில்லாத, யோசித்து எடுக்க வேண்டிய முடிவுகளுக்கு: நீண்டகால நோய்க்கான மருந்தை மாற்றுவது, தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன், பல் கிளிப். அன்றாடக் காய்ச்சலுக்கு இது ஒத்துவராது.

## வழி 2: ஹோஸ்ட் குடும்பத்துக்கு எழுத்தில் அதிகாரம்

பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு ஒரே ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வீட்டில் இருப்பவர்கள் அவர்கள். பிள்ளை சாப்பிடாமல் தட்டை நகர்த்துவதை முதலில் பார்ப்பதும் அவர்கள்தான். ஆனால் "எழுத்தில்" என்ற சொல்லை இங்கே விட்டுவிடக் கூடாது.

கிளினிக் கவுன்டரில் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஹோஸ்ட் அம்மா பிள்ளையின் பெயரைச் சொல்கிறார். ரிசப்ஷனில் இருப்பவர் குடும்பப் பெயர் வேறாக இருப்பதைக் கவனித்து, "நீங்கள் இவருக்கு என்ன உறவு?" என்று கேட்கிறார். "எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறாள்." "சட்டப்படியான காப்பாளரா?" "இல்லை." அந்த இடத்தில் கடிதம் இருந்தால் அதை நகலெடுத்துக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். இல்லையென்றால் வேறு கண்டத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் அப்பாவை எழுப்பி, அவருக்குப் புரியாத உச்சரிப்பில், போனிலேயே சம்மதம் வாங்க முயல்வார்கள். அவர் போனை எடுக்காவிட்டால் பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் கூடும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: பிள்ளையின் முழுப்பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, பிறந்த தேதி, ஹோஸ்ட் பெற்றோர் இருவரின் பெயரும் (ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் சமாளிக்க), எதற்கெல்லாம் அனுமதி (பரிசோதனை, எக்ஸ்-ரே, தையல், சாதாரண மருந்து, அவசர சிகிச்சை), எதற்குப் பெற்றோரைக் கேட்டே ஆக வேண்டும் (அவசரமல்லாத ஆபரேஷன், மனநல மருந்து), அலர்ஜி, தற்போதைய மருந்துகள் (பிராண்ட் பெயரில் அல்ல, பொதுப்பெயரில்), பாலிசி எண், பெற்றோரின் இரண்டு போன் எண்கள், எந்தத் தேதி வரை செல்லும் என்பது. அந்த நாட்டு மொழியில் இருக்க வேண்டும். நோட்டரி முத்திரை எல்லா இடத்திலும் கட்டாயமில்லை என்றாலும், இருந்தால் கவுன்டரில் கேள்வி குறையும். அந்த நாட்டுச் சட்டத்துக்கு ஏற்ற படிவம் அமைப்பிடமோ பள்ளியிடமோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

சரி, இதில் மறைந்திருக்கும் செலவு என்ன? முதலாவது பணம். கவுன்டரில் நீட்டும் படிவக் கட்டில் ஒரு தாள் சிகிச்சைக்குச் சம்மதம், இன்னொரு தாள் பணத்துக்குப் பொறுப்பு. அமெரிக்கா போன்ற நாடுகளில் "இன்சூரன்ஸ் கொடுக்காத தொகையை நான் கட்டுகிறேன்" என்ற வரி அந்த இரண்டாவது தாளில் இருக்கும். ஹோஸ்ட் குடும்பம் பதற்றத்தில் இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பில் அவர்கள் பெயருக்கே வரும். அமெரிக்காவின் ஜே-1 (பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்களுக்கான விசா) பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தில் ஹோஸ்ட் குடும்பத்துக்குச் சம்பளமே கிடையாது. அன்புக்காகப் பிள்ளையை வைத்திருப்பவர் தலையில் எக்ஸ்-ரே பில்லை வைப்பது நியாயமில்லை. பணப்பொறுப்புத் தாளில் பெற்றோர் பெயரையும் முகவரியையும் எழுதச் சொல்லி முன்பே பேசி வையுங்கள். கடிதத்திலும் செலவு முழுக்கத் தங்களுடையது என்று ஒரு வரி எழுதுங்கள்.

இரண்டாவது, பழக்கம். சில வீடுகளில் தும்மினால் டாக்டர். சில வீடுகளில் மூன்று நாள் காய்ச்சலுக்கும் தண்ணீரும் ஓய்வும்தான். இரண்டும் தவறென்று சொல்ல முடியாது, ஆனால் பிள்ளை குழம்பிப்போகும். வந்த முதல் வாரத்திலேயே "எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்றால் டாக்டர்" என்று மூன்று தரப்பும் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட்டில் இருந்தால் 100.4 என்பது 38 டிகிரி செல்சியஸ் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, கூச்சம். ஹோஸ்ட் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பதினாறு வயதுப் பெண் டாக்டரிடம் எதைச் சொல்வாள்? கூட்டிப் போகிறவர் வெளியே காத்திருக்கட்டும். மொழி தடையாக இருந்தால் ஹோஸ்ட் வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அமெரிக்காவில் அரசு நிதி பெறும் ஆஸ்பத்திரிகள் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும், பெரும்பாலும் போன் வழியாக. கேட்டால்தான் கிடைக்கும்.

## வழி 3: அமைப்பு அல்லது பள்ளி

பரிமாற்றத் திட்டங்களில் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருப்பார். இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேசவும், எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்று சொல்லவும், எந்தப் படிவம் எங்கே போக வேண்டும் என்று காட்டவும் இவரைவிடத் தோதான ஆள் இல்லை. ஜே-1 பள்ளி மாணவருக்கு அமைப்பு தரும் அடையாள அட்டையில் அவசரத் தொலைபேசி எண்களும், இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயரும், பாலிசி எண்ணும் இருந்தாக வேண்டும் என்பது விதி. அந்த அட்டையைப் படமெடுத்துப் பெற்றோரும் ஹோஸ்ட் குடும்பமும் போனில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் தூரத்தைப் பாருங்கள். அதே விதிகள் ஒருங்கிணைப்பாளர் வீட்டிலிருந்து 120 மைல் வரை மாணவரைத் தங்க வைக்க அனுமதிக்கின்றன. ஏறத்தாழ 190 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை பேசுவார். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு வாளி பிடிக்க வர மாட்டார்.

பள்ளியே பொறுப்பேற்கும் ஏற்பாடும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 18 வயதாகாத மாணவர் பெற்றோரோடோ தகுந்த உறவினரோடோ தங்காவிட்டால், தங்குமிடம், நலன் இரண்டுக்கும் கல்வி நிறுவனமே ஒப்புதல் தந்து பொறுப்பேற்க வேண்டும். பிரிட்டனில் 16 வயதுக்குக் கீழான பிள்ளை நெருங்கிய உறவினர் அல்லாதவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால், அதை உள்ளாட்சி நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தக் கண்காணிப்பு தொல்லை போலத் தெரியலாம், ஆனால் பிள்ளைக்கு ஒரு கூடுதல் கண்.

இந்த வழியின் மறைவான விலை, பயம். "சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று நினைத்துப் பிள்ளைகள் மன உளைச்சலையும் பழைய நோயையும் மூடி மறைப்பதுண்டு. விண்ணப்பப் படிவத்திலேயே மறைக்கும் பெற்றோரும் உண்டு. அப்படி மறைத்தது பின்னால் தெரிந்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். அதைவிடக் கொடுமை, வலிப்பு வரக்கூடிய பிள்ளை வீட்டில் இருக்கிறது என்பதே தெரியாமல் ஹோஸ்ட் குடும்பம் அதை ஏரிக்கு நீந்த அனுப்பும். தயவுசெய்து எதையும் மறைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை, விபத்து, தற்கொலை எண்ணம், ஹோஸ்ட் வீட்டிலேயே பாதுகாப்பு இல்லை என்ற சந்தேகம் ஆகியவற்றுக்கு இந்த வழி அவசியம். கடைசியாகச் சொன்னது நடந்தால் ஹோஸ்ட் குடும்பத்துக்குக் கொடுத்த அதிகாரத்துக்கு அர்த்தமே இல்லை. பிள்ளை நேராக அமைப்பைக் கூப்பிட வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

## வழி 4: மாணவரே

பதினெட்டு தாண்டியவருக்குப் பெரும்பாலும் இதுதான் இயல்பான வழி. அப்பாயின்ட்மென்ட் வாங்குவதும் சம்மதம் தருவதும் அவரே. கூச்சப் பிரச்சினையும் குறைவு.

பெற்றோர் எதிர்பாராதது ஒன்று உண்டு: ஆஸ்பத்திரி அவர்களிடம் பேசாது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தின் கீழ் வந்த விதிகள், வயது வந்தவரின் மருத்துவ விவரத்தைப் பொதுவாக அவர் அனுமதியில்லாமல் பெற்றோருக்குச் சொல்ல விடுவதில்லை. கட்டணம் கட்டுபவர் நீங்கள்தான் என்பது அங்கே கணக்கில்லை. மாணவர் தகவல் வெளியீட்டுப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட்டு வைத்தால் போதும். அதோடு, தனக்கு நினைவு தப்பினால் யார் முடிவெடுக்கலாம் என்றும் எழுதி வைக்கட்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | பெற்றோர் | ஹோஸ்ட் குடும்பம் | அமைப்பு / பள்ளி | மாணவர் |
|---|---|---|---|---|
| ராத்திரியில் பக்கத்தில் | இல்லை | ஆம் | போனில் மட்டும் | ஆம், ஆனால் நோயாளியே அவர் |
| கையெழுத்து | செல்லும், ஆள் கிடைத்தால் | கடிதம் இருந்தால் | ஒப்பந்தத்தைப் பொறுத்து | வயதைப் பொறுத்து |
| உடம்பின் வரலாறு | முழுக்க | சொன்ன அளவு | படிவத்தில் உள்ள அளவு | ஓரளவு |
| இன்சூரன்ஸ் விவரம் | ஓரளவு | குறைவு | நன்றாக | பெரும்பாலும் குறைவு |
| பிள்ளை மனம் திறப்பது | வீட்டுக்கு வீடு மாறும் | பழகியபின் | அரிது | பொருந்தாது |

## எனக்குச் சரியாகப் படும் பிரிப்பு

ஒருவர் கையில் முழுவதையும் கொடுப்பதைவிட முடிவின் வகையைப் பார்த்துப் பிரிப்பதுதான் நல்லது. "இப்போதே டாக்டரிடம் போக வேண்டுமா?" என்பது ஹோஸ்ட் குடும்பத்தின் முடிவு. யாரையும் கேட்கத் தேவையில்லை. காய்ச்சலோடு கழுத்து விறைப்பும் வெளிச்சம் கூசுவதும் சேர்ந்தால், அழுத்தினாலும் மறையாத தடிப்பு வந்தால், மூச்சுத் திணறினால், முதலில் ஆம்புலன்ஸ், அப்புறம்தான் பெற்றோருக்குப் போன். "எந்தச் சிகிச்சை, எப்போது?" என்று யோசிக்க நேரமிருக்கும் முடிவு பெற்றோருடையது. "எங்கே போனால் இன்சூரன்ஸ் செல்லும், பில்லை யாருக்கு அனுப்புவது?" என்பது அமைப்பின் வேலை. "டாக்டரிடம் பேசியதில் எதை யாரிடம் சொல்வது?" என்பதில் சட்டம் அனுமதிக்கும் அளவு, பதினாறு வயதானாலும், மாணவரின் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள்.

இரண்டு இடங்களில் இந்தப் பிரிப்பை மாற்றுவேன். இன்சுலின் போடும் பிள்ளை, கடுமையான அலர்ஜி உள்ள பிள்ளை என்றால் பிள்ளை கிளம்பும் முன்பே பெற்றோர் ஹோஸ்ட் குடும்பத்துக்கு வீடியோவில் பயிற்சி தர வேண்டும். அங்கே போனதும் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு டாக்டரைப் பார்த்துப் பதிந்துகொள்ள வேண்டும். சில வாரமே தங்கும் மொழிப் பயிற்சி மாணவர் என்றால் இவ்வளவு பிரிக்கத் தேவையில்லை. ஒரு கடிதமும் அவசர எண்ணும் போதும்.

## பாலிசியில் பார்க்க வேண்டியவை

நாட்டைப் பொறுத்து அடிப்படையே மாறும். ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்குப் பொதுவாக அந்நாட்டின் வெளிநாட்டு மாணவர் காப்பீடு கட்டாயம். ஆனால் பல் வைத்தியமும் கண்ணாடியும் அடிப்படைப் பாலிசியில் வராது, ஏற்கெனவே இருந்த உடல்நோய்க்கு 12 மாதக் காத்திருப்பு உண்டு. ஜப்பானில் மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் மாணவர் தேசிய காப்பீட்டில் சேர வேண்டும், செலவில் 30 சதவீதம் கையிலிருந்து. நியூசிலாந்தில் விபத்துக் காயம் என்றால் வெளிநாட்டவருக்கும் அரசின் விபத்து இழப்பீட்டுத் திட்டம் உதவும், ஆனால் நோய்க்கு உதவாது. ஜே-1 விசாவுக்கு ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் குறைந்தது 1,00,000 டாலர் காப்பீடு வேண்டும், நாம் முதலில் கட்டும் தொகை 500 டாலரைத் தாண்டக் கூடாது.

அந்த 500 டாலரை முதல் நாளில் யார் கொடுப்பது என்று யாரும் பேசி வைப்பதில்லை. மாணவர் பெயரில் ஒரு கார்டில் அந்தத் தொகை எப்போதும் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டும் பாலிசியா, நாம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கும் பாலிசியா என்பதையும் பாருங்கள். விலை ஒன்றேபோல இருந்தால் நேரடியாகக் கட்டுவதையே எடுங்கள். பள்ளி அணியில் விளையாடும்போது வரும் காயம், மனநல ஆலோசனை ஆகிய இரண்டும் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள்.

ஒரு விஷயம் அடிக்கடி விட்டுப்போகிறது. வருட நடுவில் ஹோஸ்ட் குடும்பம் மாறுவது சாதாரணமாக நடப்பது. குடும்பம் மாறிய அன்றே பழைய கடிதத்தை ரத்து செய்து, புதிய பெயர்களோடு வேறொன்று எழுத வேண்டும். மருந்துப் பட்டியலும் அன்றைய நிலைக்குத் திருத்தப்பட்டிருக்க வேண்டும். கையெழுத்திட்ட பிரதியை ஸ்கேன் செய்து அன்றைக்கே அனுப்பலாம். அசல் தபாலில் போய்ச் சேரும் வரை, அந்தப் பிரதி செல்லுமா என்று பக்கத்துக் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது புதிய குடும்பத்தின் முதல் வார வேலை.